வெற்றிலைக்கு முந்திய வார்த்தை

அந்தோணிமுத்து கோம்பைக்குக் கிளம்பி வாசலில் நின்றான். அவன் மனைவி இன்னாசியம்மாள் அடுப்படிக்குள் போய் எதையோ தேடி எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரே ஓர் ஏலக்காய்.

“என்னத்துக்கு?”

“வாயில அடக்கிக்கிடுங்க. கடிக்கப்படாது. வெத்தலை பாக்கு கைக்கு வர்ற வரைக்கும் அது அங்கனயே கிடக்கணும்.”

அவன் அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

பழனிசெட்டிபட்டியில் நடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே ஒரு செக்குக்காரர் வீட்டுக்குப் போனவன், செக்கு ஏன் பாதி நாள் சும்மா நிற்கிறது என்று நின்ற நிலையிலேயே கண்டுபிடித்தான். நின்ற நிலையிலேயே சொல்லியும் விட்டான். எள் காய்கிற களமும் செக்கும் ஊரின் இரண்டு கோடியில் இருக்கின்றன. களத்தை இந்தப் பக்கம் மாற்றுங்கள் என்றான். செக்குக்காரர் மனம் குளிர்ந்து ஒரு செம்பு மோர் கொடுத்தார். மறுநாளே களத்தை மாற்றினார். இப்போது செக்கு நிற்பதே இல்லையாம். கூலியைப் பற்றி அவன் வாய் திறந்தபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “நல்ல வார்த்தை சொல்றதுக்குக் கூலியா? நீங்க பிள்ளைகுட்டியோட நல்லாருக்கணும் தம்பி” என்று வாழ்த்தி அனுப்பினார்.

உத்தமபாளையத்திலும் இதே கதைதான். போன இடமெல்லாம் மோர்.

மலைமேல் அணைக்கட்டு வேலையில் சுண்ணாம்பு வண்டிகளை வரிசைப்படுத்தும் ரைட்டராக இருந்தவன் அவன். ஒரு வண்டி நின்றால் பின்னால் எத்தனை பேர் கை கட்டி நிற்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தான். பார்த்துப் பார்த்து அதுவே கண்ணாகிவிட்டது. மலைக்காய்ச்சல் கண்டு, கட்டிலோடு தூக்கி அவனைக் கீழே இறக்கினார்கள். பிழைத்து எழுந்த பிறகு அனுமந்தன்பட்டியிலேயே இருந்துகொண்டு, தொழில் செய்கிறவர்களிடம் போய் எங்கே வேலை முடிச்சு விழுகிறது என்று பார்த்துச் சொல்வதையே தன் தொழிலாக வைத்துக்கொண்டான். அதற்கு ஊரில் ஒரு பெயர் விழுந்தது: வாய்க்கூலி.

இன்று மாலை மலைத் தோட்டத்துக் கங்காணி பதிலுக்கு வருகிறான். காப்பித் தோட்டத்தில் இவனுக்குக் கணக்கப்பிள்ளை வேலை. அதற்குள் ஓர் ஆளாவது வெற்றிலை வைத்து, கூலி பேசி இவனை அழைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மலையேறுகிறேன் என்று இவனே ஒப்புக்கொண்டிருந்தான். மறுபடியும் அந்த மலை. அந்தக் கட்டில்.

“வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டீக. வெளியில போனா வாரி இறைச்சிட்டு வந்துருவீக” என்றாள் இன்னாசியம்மாள். “உங்க யோசனையில குத்தம் இல்ல. வெத்தலைக்கு முந்தி வார்த்தை போயிருது. அம்புட்டுத்தான்.”

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை ஊரின் வேலையைப் பார்த்தவன் தன் வேலையைப் பார்க்கவில்லை.

ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு நடந்தான்.

*

கோம்பையில் ஜக்கம்மாவின் வண்டிப்பேட்டையை முதலில் அறிவித்தது நாய்தான். செவலை உடம்பு, கரிய மூஞ்சி. அவனைக் கண்டதும் குரைத்தது. அவன் நின்றான். அது குரைத்தது. அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். பேசாத மனிதனைப் பார்த்துக் குரைப்பதில் சுவை இல்லை என்று நினைத்ததோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் அதுவும் படுத்துவிட்டது.

ஜக்கம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வாட்டசாட்டமான பெண். புருஷன் இறந்த பிறகு வண்டிகளை அவள்தான் நடத்துகிறாள். மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காயும் மிளகும் அவள் வண்டிகளில் ஏறி, தேனி வழியாக அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குப் போகும்.

“அனுமந்தன்பட்டி வாய்க்கூலிக்காரரு நீங்கதானா?”

அவன் தலையாட்டினான்.

“எதுக்கு வந்தீக?”

“பாக்க” என்றான். ஏலக்காய் கன்னத்தில் இருந்ததால் அதற்கு மேல் வரவில்லை.

“பாக்கதுக்குக் கூலி இல்லையே?”

இல்லை என்று தலையாட்டினான். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் பார்த்தான்.

வண்டிகள் வரிசையாகப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தன. முதல் வண்டியில் மயிலைக் காளைகள் இரண்டு. வயதான மாடுகள். கழுத்தில் வெண்கல மணி. நுகத்தடியருகே தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். அழகர் என்று வண்டிக்காரர்கள் மரியாதையோடு சொன்னார்கள். செத்துப்போன முதலாளியின் அண்ணன். அதாவது ஜக்கம்மாவுக்கு மச்சாண்டார். அவர் வண்டிதான் எப்போதும் முதலில் போகும். அதை யாரும் முந்தக் கூடாது.

பிற்பாடு அவன் ஒன்றைக் கண்டான்.

ஜக்கம்மா வெளியே வந்தாள். மச்சாண்டார் நிற்பதைக் கண்டதும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, உடம்பைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வைக்கோல் தின்றுகொண்டிருந்த மயிலைக் காளையைப் பார்த்துப் பேசினாள்.

“ஏ மயிலை, இந்தத் தடவையும் ரயிலு போன பிறகு போய்ச் சேந்தா, சரக்குக்காரக வேற வண்டிக்குப் போயிருவாகளாம். கொஞ்சம் வெரசாப் போகணுமாம்.”

அழகர் அவள் பக்கமே திரும்பவில்லை. காளையின் முதுகைத் தட்டினார்.

“ஏலே மயிலை, உன்னால ஏலும் மட்டும் நடப்பேன்னு சொல்லு. அதுக்கு மேல ஆண்டவன் விட்ட வழி.”

காளை இருவருக்கும் பொதுவாக ஒரு பெருமூச்சு விட்டது.

கணவனின் தமையன் முன்னால் நேருக்கு நேர் நின்று பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் நடுவே புருஷன் இருந்தான். சொல்ல வேண்டியதை அவனிடம் சொன்னார்கள். அவன் போன பிறகு மாடு வந்தது.

அந்தோணிமுத்துவுக்கு விடை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முதல் வண்டியை மாற்று. மூன்று வார்த்தை. எழுந்து நின்று சொன்னால் முடிந்தது. சொன்னால் இங்கேயும் ஒரு செம்பு மோர் கிடைக்கும்.

நாக்கு ஏலக்காயில் முட்டியது. உட்கார்ந்தான்.

*

கங்காணி ராக்கப்பன் மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். உச்சிப் பொழுதிலேயே வந்து நின்றான். பூண் போட்ட தடியை வாசலில் தட்டி ஓசை எழுப்பினான்.

“இருக்காரா?”

“கோம்பைக்குப் போயிருக்காக” என்றாள் இன்னாசியம்மாள்.

“வாய்க்கூலிக்கா?” ராக்கப்பன் கெட்டவன் இல்லை. கேலி செய்யாமல் இருக்க முடியாதவன், அவ்வளவுதான். “தங்கச்சி, கோம்பைக்காரக நாய்க்கே ரெண்டு நாள் யோசிச்சுத்தான் சோறு வைப்பாக. இந்தா, தட்டைப் பிடி.”

வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டு. அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அவுக இல்லாம நான் தொட மாட்டேன்.”

“தொட வேணாம்.” ராக்கப்பன் உள்ளே எட்டி, நெல் குலுக்கையின் மண்மூடி மேல் தட்டை வைத்தான். “அம்மாபட்டி வரைக்கும் ஒரு வேலை இருக்கு. பொழுதடைய திரும்புவேன். வெத்தலை இப்படியே இருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருவேன், வருத்தம் இல்ல. எடுத்து மென்னிருந்தா மலைக்குச் சம்மதம். யார் வாய் மென்னாலும் வீட்டு வாக்குத்தான், தெரியுமில்ல?”

“தெரியும்.”

அவன் போனபின் அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளங்கொழுந்து வெற்றிலை. தூக்கி எறிய முடியாது. எறிந்தால் வாசலுக்கு வந்தவனை அவமதித்ததாகும். எடுத்து வைக்கவும் முடியாது; எடுத்தால் எடுத்ததுதான். வீட்டுக்குள் ஓர் அந்நியன் பேசாமல் வந்து உட்கார்ந்திருப்பது போல அது இருந்தது.

ஈ மொய்க்கக் கூடாதே என்று, தட்டில் விரல் படாமல், நெல் புடைக்கிற சொளகை அதன்மேல் கவிழ்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, திண்ணையில் இருமலோடு கண்ணயர்ந்திருந்த மாமனாரைத் தாண்டி ஆற்றுக்குப் போனாள்.

ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடியது. மேற்கே மலை நீலமாக நின்றது. குடம் நிறைந்த பிறகும் அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்தாள். போன தடவை அங்கிருந்து வந்தவன் அவளை அடையாளம் தெரியாமல், “நீங்க யாரு, ஆத்தா?” என்று கேட்டான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொன்னதில்லை. சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சேர்த்து ஒரு வீடு கட்டலாம் என்று தோன்றியது. அவர்கள் இருவரும் அதில்தான் குடியிருந்தார்கள். வசதியான வீடுதான். மழைக்கு ஒழுகுவதில்லை.

தண்ணீரைத் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

*

கோம்பையில் வெயில் சாய்ந்தது. அழகர் வந்து புளியமர நிழலில் அந்தோணிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாய் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் படுத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அழகர் சொன்னார்:

“காலையில இருந்து பாக்கேன். கேள்வி கேக்க மாட்டேங்கீரு.”

அந்தோணிமுத்து அவரைப் பார்த்தான்.

“எல்லாரும் இந்தா இதைச் செய்யி, அதைச் செய்யின்னு சொல்லத்தான் வருவாக.” அவர் மண்ணில் ஒரு கோடு இழுத்தார். “விடியக்கருக்கல்ல எனக்குப் பாதை தெரியல தம்பி. மயிலைக்குத் தெரியும். அது பாட்டுக்குப் போகும். அது மெதுவாப் போனா நானும் மெதுவாப் போறேன். இறங்கிரலாம்னு ரெண்டு வருசமா நினைக்கேன்.”

அவன் புருவம் மட்டும் உயர்ந்தது.

“இறங்கினா? தம்பி செத்ததும் அண்ணன்காரன் அவளை அம்போன்னு விட்டுட்டான்னு ஊரு சொல்லும். அவ இறங்கச் சொல்லட்டும், இப்பவே இறங்குறேன். அவ சொல்ல மாட்டா.” எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜக்கம்மா வந்தாள். இதற்காகவே காத்திருந்தவள் போல வந்தாள்.

“அவுக என்ன சொன்னாக?”

அவன் கையை விரித்தான்.

“சொல்ல மாட்டீகளா? சரி, நான் சொல்றேன்.” முளைக்குச்சி மேல் கையை ஊன்றிக்கொண்டாள். “கிணத்துத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கப் போறேன். அவுக வண்டிக்குப் புதுக் காங்கேயன் ஜோடி வாங்கணும். மாடு புதுசானா வண்டி வெரசாப் போகும்ல?”

போகாது. கண் தெரியாதவர் கையில் இளங்காளை.

“வேற என்ன செய்ய? முத வண்டியில இருந்து இறங்குங்கன்னு அவுகளைச் சொல்ல முடியுமா? புருசன் செத்ததும் மச்சாண்டாரை இறக்கிட்டாடான்னு ஊரு காறித் துப்பும்.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மாட்டுத் தொட்டியருகே குனிந்து நின்ற அந்த முதுகைப் பார்த்தான். ஒரே ஊர். ஒரே பயம். நடுவில் ஒரு கிழட்டு மாடு.

ஏலக்காய் ஊறித் தோல் பிரிந்து, விதைகள் நாக்கில் காரமாக இறங்கின. இப்போது சொன்னால் அந்தத் தோட்டம் தப்பும். சொல்லாமல் போனால் தப்பாது. அவன் சொல்லாமல் போகப் போவதில்லை. அது அவனுக்குத் தெரியும். வெற்றிலை வந்தாலும் வராவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் போவான். ஆனால் கொஞ்சம் பொறுக்கலாம். மனைவி கேட்டது அவ்வளவுதான்.

பொறுத்தான்.

அந்த மௌனம் ஜக்கம்மாவுக்குத் தாங்கவில்லை. “என்ன தம்பி? ஏதோ தெரிஞ்ச மாதிரி இருக்கீக. சொல்லுங்களேன்!”

“வெத்தலை போட்டுட்டுப் பேசுவோம் ஆத்தா” என்றான்.

அன்றைக்கு அவன் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. தன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

ஜக்கம்மா இடுப்பில் கை வைத்தாள். “அடி ஆத்தி! இதுக்குத்தானா காலையில இருந்து இந்த ஊமை வேசம்?” பிறகு அவளாகவே யோசித்தாள். “குறிகாரன் கேட்டா வைக்கோம். பந்தக்கால் நடுறவனுக்கு வைக்கோம். கெட்டது கெட்டுப்போச்சு, உங்களுக்கும் வைக்கேன். ஆனா யோசனை சொத்தையா இருந்துச்சு, நாயை அவுத்து விட்ருவேன்.”

நாய் ஏற்கெனவே அவிழ்ந்துதான் கிடந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

சின்னமனூர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. இரண்டு கைகளாலும் வாங்கினான். அறுப்பு முடிந்ததும் கூலியாக நெல் அளப்பதாக அவள் வாக்குக் கொடுத்தாள். வாயில் மிச்சமிருந்த ஏலக்காயோடு வெற்றிலையையும் மென்றான். மென்று முடிக்கும்வரை அவள் காத்து நின்றாள்.

“தோட்டத்தை ஒத்திக்கு வைக்காதீக. மாடு வேணாம்” என்றான். “இன்னைக்கு ஒருநாள் மாட்டுக்கிட்டப் பேசுறதை விட்டுட்டு என்கிட்டப் பேசுங்க. பெரியவரையும் கூப்பிடுங்க.”

அழகர் வந்து புளியமரத்தைப் பார்த்து நின்றார். ஜக்கம்மா கதவைப் பார்த்து நின்றாள். நடுவில் அந்தோணிமுத்து.

“முத வண்டியில போறதுதான் இந்த வீட்டுல மரியாதை. சரி. வண்டிக கிளம்புறதுக்கு முந்தியே ஒருத்தர் போய் ரயிலடியில நின்னா? இறக்க இடம் பிடிச்சு வச்சு, ரயிலடிக்காரககிட்டப் பேசி வச்சு, வர்ற வண்டியை ஒவ்வொண்ணா வாங்கி விட்டா? முதல்ல போறவர் யாரு?”

காற்றில் புளிய இலைகள் உதிர்ந்தன.

“போற வர்ற வண்டியில பெரியவர் உக்காந்து போகலாம். ஓட்ட வேண்டியதில்ல. சரக்குக்காரக கண்ணுல அவர்தான் முதல்ல படுவாரு.”

அழகர் அசையாமல் நின்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அந்தோணிமுத்து மிச்ச வெற்றிலையின் காம்பைக் கிள்ளினான். நாய்கூட அவரையே பார்த்தது.

அவர் மெதுவாக நடந்துபோய் மயிலையின் கழுத்தைத் தடவினார். வெண்கல மணியை அவிழ்த்தார். இரண்டாவது வண்டியில் பூட்டியிருந்த இளங்காளையின் கழுத்தில் அதைக் கட்டினார்.

“ஏலே மயிலை, இனிமே நீ நிம்மதியா வைக்கோல் தின்னு” என்றார். “உங்க ஆத்தா உன்னை விக்க மாட்டா.”

ஜக்கம்மா கதவைப் பார்த்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “விக்க மாட்டேன்” என்றாள். மாட்டிடம் சொன்னாளா அவரிடம் சொன்னாளா என்று சொல்ல முடியாது.

*

திரும்பும் வழியெல்லாம் அந்தோணிமுத்து சிரித்துக்கொண்டே நடந்தான். மிச்ச வெற்றிலையை மடியில் பத்திரமாக முடிந்திருந்தான். நெல்வயல்களின் மேல் கொக்குகள் கூடு திரும்பிக்கொண்டிருந்தன. இன்னாசியிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். ஒன்றும் சொல்ல வேண்டாம். வெற்றிலையை எடுத்து நீட்டினால் போதும்.

நீட்டினான்.

இன்னாசியம்மாள் அதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது.

“என்ன?”

அவள் வீட்டுக்குள் கை காட்டினாள்.

குலுக்கைமேல் சொளகு நிமிர்ந்து கிடந்தது. தட்டு காலி. குலுக்கையடியில் அவன் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரும்பு உரலில் ‘டொக் டொக்’ என்று கடைசிப் பாக்கை இடித்துக்கொண்டிருந்தார். பல் இல்லாத வாய் செக்கச் சிவந்திருந்தது.

“மாமாவுக்கு இருமல்னு நான்தான் எப்பவும் வெத்தலையைச் சொளகுக்கு அடியில ஒளிச்சு வைப்பேன்” என்றாள் இன்னாசியம்மாள் தணிந்த குரலில். “இன்னைக்கும் அப்படித்தான்னு நினைச்சிட்டாக. அது கங்காணி வச்ச வெத்தலை. யார் வாய் மென்னாலும் வீட்டு வாக்குன்னு சொல்லிட்டுப் போனாரு.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“சொளகைக் கவுத்தா எனக்குத் தெரியாதாக்கும்?” என்றார் வெற்றியோடு. “நல்ல கொழுந்து! எந்த ஊருச் சரக்கு மருமகளே?”

அந்தோணிமுத்து வாசற்படியில் உட்கார்ந்தான். மடியில் ஒரு வெற்றிலை. அப்பா வாயில் ஒரு வெற்றிலை. ஒன்று கோம்பை. ஒன்று மலை.

இன்னாசியம்மாள் அவன் எதிரே வந்து நின்றாள். “ஊருக்கெல்லாம் சொல்றீக. இந்த வீட்டுக்கு ஒரு யோசனை சொல்லுங்க.”

அவன் நாக்கு காலையில் ஏலக்காய் கிடந்த இடத்தைத் தேடியது. அவளும் அவசரப்படுத்தவில்லை. அந்த மௌனத்தில் ஆற்றின் ஓசை கேட்டது. உரலின் ஓசை கேட்டது. தெருக்கோடியில் பூண் போட்ட தடியொன்று கல்லில் தட்டித் தட்டி வருகிற ஓசையும் கேட்டது.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மெல்ல வலது உள்ளங்கையை விரித்து அவள் முன் நீட்டினான்.

“முதல்ல வெத்தலையை வையி” என்றான்.